அணைப் பூங்காவில் நடந்து காட்டிய ஞாயிறுகள்

வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எதுவரை படித்திருக்கிறாய், சமைக்கத் தெரியுமா, இந்தப் பலகாரம் நீ செய்ததா, ஒரு பாட்டுப் பாடு. நடந்து காட்டு என்று மட்டும் கேட்க முடியாது. கேட்டால் மாட்டுச் சந்தைப் பேச்சு ஆகிவிடும். எங்கள் வீட்டில் அடுப்படியிலிருந்து முன்கூடமான பட்டாசாலைக்கு நாலு எட்டு. காப்பித் தட்டோடு வந்து, வைத்து, கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடலாம். அந்தத் தூரத்தில் யார் நடையும் நன்றாகத்தான் இருக்கும். என் நடையைப் பார்க்க வேண்டியிருந்ததால்தான் என்னை வைகை அணைக்குக் கூட்டிப் போனார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. சின்னமனூரில் எங்களுக்கு வாழையும் கொஞ்சம் நெல்லும் இருந்தன. சிறுபிள்ளையாக இருந்தபோது வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டு அவிழ்க்கும்போது பரீட்சை முடிந்து பள்ளிக்கூடமும் அடைத்திருந்தது. மறு வருஷம் சின்னப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்கார வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட்டேன். அதற்குள் பெரியவளும் ஆகிவிட்டேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது.

எலும்பு நன்றாகத்தான் கூடியது. ஆனால் அசந்து போனாலோ பயந்து போனாலோ வலது பாதம் லேசாக உள்பக்கம் திரும்புகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், நிச்சயமில்லை. நடக்கிறவள் தன் நடையைப் பின்னால் நின்று பார்க்க முடியுமா? அண்ணன் மனைவியிடம், எங்கள் பக்கம் மதினி என்போம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பேன். திரும்புதா மதினி, இப்பத் திரும்புச்சா? அவர் ஒருநாள் அலுத்துப்போய், "நீ கேக்கும்போதெல்லாம் திரும்புது. கேக்காதப்ப நேராத்தான் இருக்கு, போ" என்றார். அதற்குப் பிறகு கேட்காமல் இருக்கப் பார்த்தேன். கேட்காமல் இருக்கிறோமே என்ற நினைப்பிலேயே கால் திரும்பும்போல் இருந்தது.

என் சுபாவம் அப்படி. கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை போய், சாத்தினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். சாத்தித்தான் இருக்கும். தொட்டுப் பார்த்தபோது திறந்துவிட்டோமோ என்று மறுபடியும் பார்ப்பேன்.

ஏதோ ஒரு கல்யாண வீட்டில், அந்தப் பிள்ளை காலைச் சாய்த்து நடக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வீட்டார் வந்து பஜ்ஜி சாப்பிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லியனுப்பவில்லை. அப்பாவுக்குத் தூரத்துப் பங்காளி ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, வரன் பார்த்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். அவர்தான் அணையைச் சொன்னார்.

"நம்ம பக்கம் ஒளிக்க என்ன இருக்குண்ணே? ஞாயித்துக்கெழம அணைக்கு வாங்க. பூங்காவுல சும்மா நடங்க. அவுக ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கிருவாக."

அவுக என்றால் யார் என்று அப்பா கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார் சித்தப்பா.

"தெரிஞ்சா பிள்ள நடக்குமா? வெறச்சுப் போயிரும். நாளைக்கு வேணாம்னுட்டாகன்னு வைங்க, ஒரே பஸ்ஸுல எதிரெதிர உக்கார வேண்டி வரும். யாருன்னே தெரியலன்னா யாருக்கும் மொகம் கருக்காதுல்ல."

அப்போது எங்கள் சனத்தில் இது ஊரறிந்த வழக்கம்தான். கோயிலிலும் பார்ப்பார்கள். ஆனால் கோயில் கூட்டத்தில் தலைதான் தெரியும், கால் தெரியாது. பூங்காவில் பாதை நீளமாக, நேராக, வெட்டவெளியாகக் கிடக்கும். நடுவில் ஆறு. இரண்டு கரையிலும் தோட்டம். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு சின்னப் பாலம். யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. தேனியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கும்.

முதல் ஞாயிறு தேனியில் பஸ் மாறி வெயில் தாழப் போய்ச் சேர்ந்தோம். அப்பா முன்னால், அம்மா பின்னால், நானும் மதினியும் நடுவில். சித்தப்பா எங்களுக்கு முன்பே வந்து கடலை விற்கிறவனிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மா காதோடு சொன்னது இதுதான். வேகமாக நடக்காதே. மெதுவாகவும் நடக்காதே. உட்காராதே, உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது கால் மரத்திருக்கும்.

பூங்கா அழகாகத்தான் இருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன்ஸ். செடியை வெட்டி வெட்டி யானை மாதிரி ஆக்கியிருந்தார்கள். கல்வாழை வரிசை, கம்பியில் ஏற்றிவிட்ட காகிதப்பூ. பெரிய மரங்களில் தகரத்தில் பெயர் எழுதி அடித்திருந்தார்கள். தமிழில் இருந்ததைப் படித்தேன். அதற்குக் கீழே இங்கிலீஷில் நீளமாக இருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எங்கேயோ மீன் பொரிக்கிற வாசனை. எல்லாவற்றுக்கும் பின்னால் அணைச்சுவர் நின்றது. அவ்வளவு தண்ணீரையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இத்தனை பேர் எப்படி நிம்மதியாகக் கடலை கொறிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் நான் பார்த்தது பூவையோ மரத்தையோ அல்ல. யார் நம்மைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு குடும்பமும் எனக்கு மாமியார் வீடாகத் தெரிந்தது. தூங்குமூஞ்சி மரத்தடியில் பேப்பர் படிக்கும் ஒரு பெரியவர், இரண்டு பெண்கள், தலை சீவிக்கொண்டே இருந்த ஓர் ஆள். இவர்களாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். அம்மாவும் அதையே முடிவு செய்திருந்தார். அந்த மரத்துப் பக்கமே மூன்று தடவை போய் வந்தோம். அந்த வீட்டு மூத்த பெண் என் காலையே உற்றுப் பார்த்தார். அடுத்த தடவை கடக்கும்போது அவரே கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்கன ஒரு திருகாணி கெடந்துச்சா? கம்மல்லருந்து கழண்டு விழுந்துருச்சு."

அம்மா உடனே புல்லில் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். இதுவும் ஒரு சோதனையாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். நானும் தேடினேன், மதினியும் தேடினார். புல்லில் கால் வைக்காதீர்கள் என்று தோட்டக்காரர் வந்து எல்லோரையும் விரட்டினார். திருகாணி கிடைக்கவில்லை. பேச்சுக் கொடுத்ததில் அவர்கள் வேற்றுச் சாதிக்காரர்கள் என்பதும், தேனி ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்க வந்துவிட்டு மதுரைக்குத் திரும்பும் வழியில் இறங்கியவர்கள் என்பதும் தெரிந்தது. மதினி வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் அங்கே மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நிஜமாகப் பார்க்க வந்தவர்கள் எங்கிருந்து பார்த்தார்களோ!

அப்படி யாரும் வரவில்லை. அவர்கள் தெருவில் ஒரு சாவு விழுந்து கிளம்பவே முடியவில்லையாம். அதைச் சித்தப்பா இரண்டு நாள் கழித்து வந்து சொன்னார். ஒருவர்கூடப் பார்க்காத இடத்தில் விளக்குப் போடும் வரை நடந்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறும் போனோம், அதற்கடுத்ததும் போனோம். இன்ன வாரம் வருவார்கள் என்று சித்தப்பா சொல்ல மாட்டார். சொன்னால் விறைத்துவிடுவேனாம். எல்லோரையும் பார்த்துச் சிரித்து வைத்தேன். எந்தச் சிரிப்பு யாருக்குப் போய்ச் சேரும் என்று தெரியாததால் ஒன்றையும் விடவில்லை. குழந்தை தூக்கி வந்தவர்கள், நீரூற்றுப் பக்கம் படம் பிடித்தவர்கள், சைக்கிளில் ஐஸ் விற்றவன், எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் தாண்டினேன்.

அதில் ஏதோ ஒரு ஞாயிறு அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதில் வந்த நாளில் நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நடையில் ஒரு குறையும் சொல்லவில்லை என்று சித்தப்பா ஆரம்பித்தார். அப்பாவுக்கு மூச்சு வந்தது. பிறகு என்ன என்றார்.

"கண்ணுதாண்ணே. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதாம். போறவன் வர்றவனையெல்லாம் பாக்குதாம். மாப்பிள்ளையோட அம்மா அப்புடிச் சொல்லிட்டாக."

என் பக்கத்தில் நின்றிருந்த மதினிதான் கதவு மறைவிலிருந்தே பேசினார். மாமனார் முன்னால் அவர் குரல் எழுப்பியது அன்றைக்குத்தான்.

"பாக்கப் போறவுக யாருன்னு சொல்லாமக் கூட்டிட்டுப் போயிட்டு, ஏன் பாத்தன்னு கேட்டா அவ எங்கிட்டுப் போவா?"

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கால் என்றால் விழுந்ததால் வந்தது என்று சொல்லலாம். கண்ணுக்கு என்ன சொல்வது? அதற்குக் கட்டுப் போடுகிறவர் யாரும் இல்லை. கால் சாய்த்து நடக்கும் என்ற பேச்சோடு கண் அலைகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொண்டால் எனக்கு இனி யார் வருவார்கள் என்று அம்மா அடுப்படியில் அழுதார். நான் என் கண்ணைக் காவல் காக்க ஆரம்பித்தேன். கடைக்குப் போனால் தராசையே பார்ப்பேன். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியையே பார்ப்பேன். ஆனால் யாராவது நம்மைப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் முதுகெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். பார்த்தால் அலைகிறது என்பார்கள். இப்படியே சில மாதம் போயிற்று.

பிறகு சித்தப்பா மறுபடியும் வந்தார். வருசநாட்டுப் பக்கம் என்று மட்டும் வாய்தவறி வந்தது. அவர்களும் கால் விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார்கள், அவர்களும் நான் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மறுபடி அதே அணை. நான் வரமாட்டேன் என்று மதினியிடம் சொன்னேன். மதினி அண்ணனிடம் சொல்லி, அண்ணன் அப்பாவிடம் சொல்லி, அந்த ஞாயிறும் பஸ் ஏறினோம்.

இந்தத் தடவை கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டேன். பூங்காவில் எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் செம்மண், எறும்பு, உதிர்ந்து கிடந்த காகிதப்பூ. அப்புறம் பாதங்கள். ரப்பர் செருப்பு, மெட்டி போட்ட விரல், டயர் செருப்பு, வெடித்த குதிகால். இதில் எது வருசநாட்டுப் பாதம் என்று யோசித்தேன். மேலே யாரோ சிரிக்கிறார்கள். நம்மைப் பார்த்தா? யாரோ குசுகுசுவென்று பேசுகிறார்கள். நம்மைப் பற்றியா? வலது பாதம் சில்லென்று ஆனது. திரும்புகிறது, திரும்புகிறது என்று தோன்றியது. மதினியிடம் கேட்க வாயைத் திறந்தேன். பாதைக்குக் குறுக்கே தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துப் போட்டிருந்தார். தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் குழாய் கண்ணில் படவில்லை. தட்டிவிட்டது. மதினி முழங்கையைப் பிடித்துவிட்டதால் விழவில்லை. ஆனால் ஒரு காலில் தத்தி, நொண்டி, அப்புறம்தான் நின்றேன்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். எங்கிருந்தோ அவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். கால் ஊனம்தான் என்று முடிவும் செய்திருப்பார்கள். இனி நான் எத்தனை ஞாயிறு நடந்தாலும் அது மாறாது.

கடலைக்காரன் பக்கம் சித்தப்பா நின்றிருந்தார். நேராக அவரிடம் போனேன். அவுக யாரு சித்தப்பா என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நட தாயி, நட. எங்கூடப் பேசாத. பாத்துக்கிட்டு இருக்காக."

"யாருன்னு சொல்லலன்னா நானே போயிக் கேட்டுக்கிருவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

பின்னாளில் சொந்தக்காரர்கள் இதைத் தைரியம் என்று சொல்லியிருக்கிறார்கள். தைரியம் எல்லாம் இல்லை. தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

நீரூற்றுப் பக்கம் ஒரு குடும்பம் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கேதான் முதலில் போனேன்.

"நீங்க என்னையப் பாக்க வந்தவுகளா?"

அந்த அம்மாள் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இல்லையேம்மா. நாங்க அணையப் பாக்க வந்தோம். யாரு கூட வந்த? தொலஞ்சு போயிட்டியா? உக்காரு, ஒரு வாய் சாப்புடு."

வேண்டாம் என்று நகர்ந்தேன். தூரத்தில் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா என்னை நோக்கி வர, மதினி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்துவது தெரிந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் பருத்த உடம்புக்காரியான ஓர் அம்மா ஒரு காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள்போல ஒரு பெண். பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள். நான் வருவதைப் பார்த்ததும் அந்த ஆள் திரும்பி மரத்தில் அடித்திருந்த தகரத்தைப் படிக்க ஆரம்பித்தார். அந்த மரத்தின் பெயர் எனக்குத் தெரியும், சின்னப் பெயர். அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

அதே கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மா வாயைத் திறந்து, மூடி, கடலைக்காரன் பக்கம் பார்த்தார். சித்தப்பாவை அங்கே காணோம். மகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"நாங்கதான்" என்று மரத்தைப் பார்த்தபடியே அந்த ஆள் சொன்னார்.

"ஏலே, ஒன்னையவா கேட்டாக?" என்றார் அந்த அம்மா.

வந்தாயிற்று, கேட்டாயிற்று. அதற்குமேல் என்ன பேசுவது என்று நான் யோசித்திருக்கவில்லை. நெஞ்சில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"எனக்குச் சின்னதுல கால் ஒடிஞ்சு கூடிருச்சு. பயந்தா லேசாத் திரும்புதோன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு. இப்பத் தட்டுனது கால்னால இல்ல, கொழாயினால. நான் அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துருந்தா, அது ஒங்களத் தேடித்தான்."

மரத்துப் பக்கம் நின்ற ஆள் இப்போது தகரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வருசநாட்டுப் பக்கம் கடமலைக்குண்டுக்காரர். தை மாதம் அவரைத்தான் கட்டிக்கொண்டேன். எந்தப் பெண் என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லையாம். அன்று மத்தியானத்திலிருந்து பாதையில் போன அத்தனை பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்ததாக அவரே பின்னால் சொன்னார். நான் தட்டி நொண்டியபோது ஐஸ் வண்டிப் பக்கம் நின்ற வேறு யாரையோ நான்தான் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கண் அலைகிறது என்று யாரும் பேசிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அந்த அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டினார்.

"என்னையத் தூக்கி விடு தாயி. இந்த முட்டி மடக்குனா நிமுர மாட்டேங்குது. பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

தூக்கிவிட்டேன். எழுந்ததும் முழுப் பாரத்தையும் என் வலது தோளில் போட்டார். இரண்டு பேருமாக நடந்தோம். நடை என்று அதைச் சொல்ல முடியாது. கொஞ்ச தூரம் போவோம், அவர் நிற்பார், மூச்சு வாங்குவார், ஏதாவது கேட்பார். வாழைக்கு எந்தத் தண்ணி பாயுது. ஒன் மதினி நல்லா வச்சுக்கிருவாகளா. படிப்பை ஏன் நிறுத்துன. காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிடித்திருந்தால் கேட்பார்கள், பிடிக்காததால்தான் மற்றதைக் கேட்கிறார்கள் என்று ஒரு தடவை தோன்றும். பிடித்ததால்தான் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை தோன்றும். என் பாதம் திரும்பியதா இல்லையா என்று கவனிக்க முடியவில்லை. அவர் எங்கே கால் வைக்கிறார், கல் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே கண் இருந்தது. எதிரில் வந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பாலத்தில் ஏறியதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழே தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. எங்களுக்குப் பின்னால் அப்பா கிட்ட வருவதா, நிற்பதா என்று தெரியாமல் குரோட்டன்ஸ் செடிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தார்.

"அந்தா நிக்கிறது ஒங்க அப்பாதான? எம்புட்டு நேரந்தான் அங்கனயே நின்னுக்கிட்டு இருப்பாக. வரச் சொல்லு, பேசணும்."

அப்பாவைக் கூப்பிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.